பெயர் போடாத விருந்தினர்

1

நான் கிறிஸ்துமஸ் இசைத்தட்டுகள் சேர்க்கிறேன் என்று சொன்னதும், என்னோடு கள்ளக்குறிச்சியில் படித்த நண்பன் ஒருவன் போனில், "இன்னாடா, அல்லேலூயா ஆயிட்டியா?" என்று கேட்டான். ஆகவில்லை என்றேன். "அப்புறம் இன்னாத்துக்கு?" என்றான். அன்றைக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இதைப் படிக்கிற உங்களுக்கும் அந்தக் கேள்வி இருக்கும் என்பதால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

கனடாவின் நடுவில் இருக்கிற வின்னிபெக்கில் எனக்கு இது ஆறாவது குளிர்காலம். குளிர்பதன இயந்திரங்களைப் பழுதுபார்ப்பது என் வேலை. வெளியே ஊரே உறைந்து கிடக்கும்போது, உள்ளே பெட்டி குளிரவில்லை என்று என்னைக் கூப்பிடுவார்கள். வந்த முதல் டிசம்பரில் கம்பளிக்கோட்டு வாங்க ஒரு பழைய பொருள் கடைக்குப் போனேன். அங்கே ஓர் அட்டைப்பெட்டி நிறைய இசைத்தட்டுகள் கிடந்தன. எல்லாம் கிறிஸ்துமஸ் பாட்டு. இதை யாரும் வாங்குவதில்லை, வேண்டுமானால் பெட்டியோடு எடுத்துக்கொண்டு போ என்றார் கடைக்காரம்மா. சும்மா கிடைப்பதை வேண்டாம் என்று சொல்லி வளர்ந்தவன் இல்லை நான். தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அதைச் சுழற்றிக் கேட்கிற கருவி கிடைக்க மேலும் மூன்று மாதம் ஆயிற்று.

நம் ஊரில் நகைக்கடைகள் காலண்டர் கொடுப்பதைப் போல, அந்தக் காலத்தில் இங்கே டயர் கடை, வங்கி, மாவு மில் எல்லாம் வாடிக்கையாளர்களுக்குக் கிறிஸ்துமஸ் இசைத்தட்டு கொடுத்திருக்கிறார்கள். பாடுவது உள்ளூர்த் தேவாலயக் குழு. ஆனால் ஆளை இழுக்க வேண்டுமே, அதனால் நடுவில் ஒரு பாட்டுக்கு யாராவது பிரபலம் வருவார். அவருக்குப் பாட வராது. என்னிடம் உள்ள ஒரு தட்டில் முன்பல் போன ஐஸ் ஹாக்கி கோல்கீப்பர் பாடுகிறார். 'ஸ' வருகிற இடமெல்லாம் விசில் அடிக்கிறது. இன்னொன்றில், தொலைக்காட்சியில் வானிலை வாசித்தவர், கிறிஸ்துமஸ் தாத்தா வருகிற வழியில் எங்கெங்கே பனிப்புயல் என்று கொஞ்சமும் சிரிக்காமல் வாசிக்கிறார். படத்துக்குப் படம் அடிவாங்கிச் செத்த வில்லன் நடிகர் ஒருவர் தாலாட்டுப் பாடுகிறார். ஓர் இருதய மருத்துவர் மரம் அறுக்கிற ரம்பத்தை வளைத்துப் பிடித்து, வயலின் வில்லை அதன்மேல் இழுத்து வாசிக்கிறார். இந்த மாதிரி எழுபதுக்கு மேல் சேர்ந்துவிட்டன.

எனக்குப் பிடித்தது அவர்களுடைய பாட்டு இல்லை. பாட்டுக்கு முன்னால் மைக்கின் எதிரில் அவர்கள் ஒரு மூச்சு எடுப்பார்கள், அதுதான். கல்லைப் போலப் பறந்து வருகிற ரப்பர் வட்டை நெஞ்சில் வாங்கிய கோல்கீப்பருக்கு அந்த மூச்சு நடுங்குகிறது. தனக்குப் பாத்தியதை இல்லாத இடத்தில் வந்து நிற்கிறவனின் மூச்சு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். தாலுகா ஆபீஸ், வங்கி, கல்லூரி, விமான நிலையம் என்று எந்த வாசலிலும் அந்த மூச்சை எடுத்துவிட்டுத்தான் உள்ளே போயிருக்கிறேன். பெரிய மனிதர்கள் பயப்படுவதைக் கேட்டால் எனக்குக் கொஞ்சம் பயம் தெளியும். நண்பனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் அதுதான்.

2

போன டிசம்பர் முதல் வாரத்தில் குடியேற்ற அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் மின்னஞ்சலில் வந்தது. நானும் என் மனைவி செல்வியும் ஐந்து வயது மகள் நிலாவும் இங்கே நிரந்தரமாகத் தங்க விண்ணப்பித்து ஒன்றரை வருஷம் ஆகிறது. என் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கோவிந்தன். பிறப்புச் சான்றிதழில் வெள்ளையன். இந்த வேறுபாட்டுக்கு முப்பது நாளுக்குள் ஆதாரத்தோடு விளக்கம் தர வேண்டும், தராவிட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். கடிதம் இவ்வளவுதான். என்னுடைய வேலை அனுமதி ஏப்ரல் வரைக்கும்தான் இருக்கிறது.

அந்தப் பிறப்புச் சான்றிதழை நானே இரண்டு வருஷத்துக்கு முன்புதான் முதன்முதலாகப் பார்த்தேன். பள்ளியில் சேர்க்கும்போது வீட்டில் சொன்ன பிறந்த தேதியைத் தலைமையாசிரியர் எழுதிக்கொண்டார், பாஸ்போர்ட் வரைக்கும் அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது. நான் பிறந்தது கல்வராயன் மலையில், கரியாலூர் பக்கம், அத்தை வீட்டில். சாமை அறுப்புக்கு அப்பாவும் அம்மாவும் அங்கே போயிருந்தபோது வலி முன்கூட்டியே வந்துவிட்டது. பிறப்பைப் பதிந்து வைத்தது அத்தை, அப்பாவின் அக்கா. சான்றிதழில் வெள்ளையன் என்று பார்த்ததும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. எங்கள் ரேஷன் கார்டில் அம்மா அப்பாவைவிட ஏழு வயது பெரியவள். வாக்காளர் அட்டையில் அப்பா ஒரு பெண். எழுதுகிறவர்கள் தப்பாகத்தான் எழுதுவார்கள் என்று நம்பி வளர்ந்தவன், 'எழுத்தர் பிழை' என்று ஒரு வரி எழுதி சான்றிதழோடு சேர்த்து அனுப்பிவிட்டேன்.

கடிதத்தைப் படித்துவிட்டு நான் அப்படியே உட்கார்ந்திருந்ததை நிலா பார்த்தாள். "ஆர் யூ இன் ட்ரபிள், அப்பா?" என்றாள். அவளுடைய வகுப்பில் தப்புச் செய்தவர்களைக் கொஞ்ச நேரம் தனி நாற்காலியில் உட்கார வைப்பார்கள், அதுதான் அவளுக்குத் தெரிந்த ட்ரபிள். இல்லை என்று தமிழில் சொன்னேன். அவள் நம்பின மாதிரி தெரியவில்லை.

3

அந்தச் சனிக்கிழமை நான் தாத்தாவுக்குப் போன் செய்திருக்க வேண்டும், அதாவது நிலாவின் தாத்தாவுக்கு, என் அப்பாவுக்கு. செய்யாமல் பழைய பொருள் கடைக்குப் போனேன். பயந்துகொண்டு தட்டுகளுக்குள் ஒளிந்தேன் என்பதுதான் நிஜம்.

அங்கே ஒரு மாவு மில்லின் இசைத்தட்டு கிடைத்தது. உறையின் பின்பக்கத்தில் பாடியவர்கள் அத்தனை பேரின் பெயரும் இருந்தது, ஆர்கனுக்குத் தாள் புரட்டிய பெண்ணின் பெயர் உள்பட. கடைசியில், 'இவர்களோடு ஒரு விருந்தினரும்'. பெயர் இல்லை.

இப்படிப் பெயர் போடாத விருந்தினர்களைப் பற்றி எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஹெரால்ட். எண்பது வயது, ஓய்வுபெற்ற வானொலி அறிவிப்பாளர், இந்த வகைத் தட்டுகள் சேர்க்கிறவர்களுக்காக இணையத்தில் ஒரு பக்கம் நடத்துகிறார். அவரை முதலில் பார்த்தபோது நம் ஊர் மரியாதைப்படி "வாட் இஸ் யுவர் குட் நேம்?" என்று கேட்டேன். என்னிடம் இருப்பது ஒரே பெயர்தான், அது நல்லதா கெட்டதா என்று என் மனைவியைத்தான் கேட்க வேண்டும் என்றார். அவருடைய கணக்கு சுலபம்: பெயர் போடவில்லை என்றால் ஒப்பந்தம். வேறு கம்பெனிக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர்கள் பெயரை மறைத்துக்கொண்டு நண்பருக்காக ஒரு பாட்டுப் பாடிவிட்டுப் போவார்கள். குரலை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பதுதான் எங்கள் கூட்டத்தில் பெரிய ஆட்டம்.

மாவு மில் தட்டில் அந்த விருந்தினர் பாடவில்லை, இயேசு பிறந்த இரவில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மேய்ப்பர்களின் கதையைப் படிக்கிறார். தடித்த குரல், வேற்று நாட்டு உச்சரிப்பு. வானத்தூதர் வந்து, பயப்பட வேண்டாம் என்று மேய்ப்பர்களுக்குச் சொல்கிற இடத்தில் நிறுத்தி எச்சில் விழுங்குகிறார். அந்த விழுங்கலை நான் எங்கோ கேட்டிருக்கிறேன். இரண்டு நாள் தேடினேன். பழைய தொலைக்காட்சித் துண்டு ஒன்றில் கரடித்தோல் போர்த்திக்கொண்டு வருகிற மல்யுத்த வில்லன் ஒருவர், எதிராளியைக் கடித்துத் தின்பேன் என்று உறுமிவிட்டு, அதே மாதிரி நிறுத்தி விழுங்குகிறார். அதே ஆள்.

ஹெரால்டின் பக்கத்தில் இரண்டு குரலையும் அடுத்தடுத்து வைத்துப் போட்டேன். கீழே, 'மேடைப் பெயர் தெரியும், இவருடைய உண்மையான பெயர் யாருக்காவது தெரியுமா?' என்று எழுதினேன். வாழ்த்து குவிந்தது. ஹெரால்ட் போனில் கூப்பிட்டு, உன் காது தங்கம் என்றார். அன்று முழுக்கக் குடியேற்ற அலுவலகத்தை நான் மறந்திருந்தேன்.

4

அதற்கடுத்த நாள் போன் செய்தேன். எனக்குச் சாயங்காலம் ஏழு மணி என்றால் மணலூர்பேட்டையில் காலை ஆறரை. அப்பா அங்கேதான் முப்பது வருஷத்துக்கு மேல் கரும்பு வெட்டினார். இப்போது முதுகு வளையவில்லை என்று ஒருவருடைய வயலுக்குத் தண்ணீர் கட்டுகிறார். மலையில் எழுதினவன் உன் பெயரைத் தப்பாக எழுதிவிட்டான், போய்த் தப்பு என்று ஒரு கடிதம் வாங்கி அனுப்பு என்றேன்.

"அது தப்பு இல்ல தம்பி."

"இன்னாப்பா?"

"தப்பு இல்ல. வுட்ரு."

வைத்துவிட்டார். நான்கு நாள் எடுக்கவில்லை. ஐந்தாம் நாள் அம்மா எடுத்து, உங்கப்பனுக்குச் சோறு எறங்கல, நீ இன்னா சொல்லி வெச்ச என்று என்னைத் திட்டினாள். நான் ஏதோ ஆபீஸ் காகிதம் என்றேன். காகிதம் என்றால் அம்மா அதற்கு மேல் கேட்கமாட்டாள்.

ஆறாம் நாள் அப்பாவே கூப்பிட்டார். பேசுகிற தோரணையே வேறாக இருந்தது, யாரோ சொல்லிக் கொடுத்ததை ஒப்பிக்கிற மாதிரி. "எழுதனவன் தப்பா எழுதிட்டான்னே சொல்லிடு. அவன் இப்ப உசுரோட இல்லன்னும் சேத்துக்க. செத்தவன் எழுந்து வந்து இல்லன்னா சொல்லப்போறான்?"

செல்விக்கு இந்த யோசனை பிடித்திருந்தது. நாம் எப்படியும் முதலில் பிழை என்றுதானே எழுதியிருக்கிறோம், அதையே பிடித்துக்கொண்டு போவோம் என்றாள். அவள் களமருதூர்க்காரி. நடவு நட்டுப் படிக்கவைத்த தாய் தகப்பனிடம் ஏப்ரலில் மூட்டை முடிச்சோடு போய் நிற்பதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஆனால் பொய் என்று கண்டுபிடித்தால் விண்ணப்பம் மட்டும் போகாது, பல வருஷம் உள்ளேயே விடமாட்டார்கள். பொய் சொல்லப் பயம். உண்மையைச் சொல்லலாம் என்றால் உண்மை என்னவென்று எனக்கே தெரியாது.

அந்தப் பயத்தில் அப்பாவிடம் ஒரு வார்த்தை விட்டேன். "இத்தன நாளும் எங்கப்பன் பேரையே எனக்கு மாத்திச் சொல்லிக்கினு இருந்துகிறியா? அப்ப நான் யாரு?" என்றேன். அவர் பக்கத்தில் ஆடு கத்துகிற சத்தம் மட்டும் கேட்டது. அதை இங்கே எழுதும்போதும் எனக்கு முகம் சுடுகிறது.

5

அந்த வாரமே எனக்கு ஒரு தனிச்செய்தி வந்தது. அனுப்பியவருக்கு மார்த்தா என்று பெயர் வைத்துக்கொள்ளுங்கள். மல்யுத்தக்காரரின் மகள், அறுபது வயதைத் தாண்டியவர். 'உண்மையான பெயர் யாருக்காவது தெரியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரியும். தயவுசெய்து கேட்காதீர்கள்' என்று தொடங்கியிருந்தார்.

ஒப்பந்தம் ஒன்றும் இல்லை. போர் முடிந்து, செத்துப்போன ஒரு சிநேகிதனின் காகிதத்தில் இந்த நாட்டுக்குக் கப்பலேறியவர் அவர். அந்தப் பெயரில்தான் கல்யாணம், அந்தப் பெயரில்தான் வீடு, கல்லறையில் இருப்பதும் அதுதான். கோமாளிப் பெயரோடு கரடித்தோலுக்குள் இருக்கிற வரைக்கும் அவருக்குப் பயமில்லையாம். மில் முதலாளி கேட்டபோது மறுக்க முடியவில்லை, சின்ன வயதில் அவருடைய அம்மா சொல்லிக்கொடுத்த கதை. ஆனால் பெயர் போடக்கூடாது என்று கெஞ்சியிருக்கிறார். இதே மாகாணத்தில் அவருடைய சொந்த ஊர்க்காரர் ஒருவர் குடியேறியிருந்தார், குரலைக் கேட்டால் அடையாளம் தெரிந்துவிடும். டிசம்பரில் வானொலியில் அந்தத் தட்டைப் போட்டால் தன் அப்பா எழுந்து போய் வாசல் கதவைத் தாழ்ப்பாள் போடுவார் என்று எழுதியிருந்தார் மார்த்தா. அந்த அப்பா செத்து இருபது வருஷமாகிறது. என் பதிவைப் பார்த்த அன்று தானும் போய்த் தாழ்ப்பாள் போட்டதாக எழுதியிருந்தார்.

நான் பதிவை எடுத்துவிட்டேன். ஹெரால்டுக்குக் கோபம். அவரிடம் மார்த்தா சொன்னதைச் சொல்ல முடியாது, குடும்பத்தார் கேட்டுக்கொண்டார்கள் என்று மட்டும் சொன்னேன். செத்தவரை யார் என்ன செய்துவிட முடியும், இது வரலாறு, எடுக்க உனக்கு உரிமை இல்லை என்றார். வாழ்நாள் முழுவதும் தன் பெயரைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்கியவர் அவர். அவருக்கு நான் எப்படி விளக்குவேன்?

6

மறுபடியும் அப்பாவைக் கூப்பிட்டேன். இந்த முறை சான்றிதழைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. பேசினதற்கு மன்னிப்புக் கேட்கவும் வரவில்லை, எங்கள் வீட்டில் அந்தப் பழக்கமில்லை. மல்யுத்தக்காரரின் கதையைச் சொன்னேன். பெயர், நாடு எதுவும் சொல்லாமல், இந்த மாதிரி ஒரு ஆள் என்று. அப்பா உம் கொட்டிக்கொண்டே கேட்டார்.

"அந்த ஆளு செத்துட்டாரா?"

"செத்துட்டாருப்பா."

"கடசி வரைக்கும் புடிக்கலியா?"

"புடிக்கல."

"பரவால்ல" என்றார். அப்புறம் அவராகவே சொல்ல ஆரம்பித்தார்.

பதினெட்டு வயதில் மலையில் மரம் தூக்கக் கூலிக்குப் போயிருக்கிறார். ஒப்பந்தக்காரரிடம் அனுமதி இருக்கிறது என்று நம்பித்தான் போனார்கள். இறக்கத்தில் வனக்காவலர்கள் மறித்தார்கள். கூட வந்த பெரியப்பா மகன் மாட்டிக்கொண்டான். இவர் ஓடைக்குள் குதித்து ஒரு மூங்கில் புதரில் பதுங்கிவிட்டார். இன்னொருத்தன் யார் என்று அவனை அடித்துக் கேட்டிருக்கிறார்கள்.

"அவன் வெள்ளையன்னு சொன்னான். என் காதுல வுழுந்துச்சு. அந்த ஆளு நோட்ட தொடமேல வெச்சி எழுதிக்கினான். எழுதிட்டு ஒருவாட்டி படிச்சான் பாரு, அதுலருந்து அந்தப் பேரு எனக்கு இல்ல தம்பி."

இறங்கி ஓடிவந்து அடிவாரத்தில் கரும்பு லாரி ஒன்றில் ஏறிக்கொண்டார். வண்டியை முடுக்கும்போது ஓட்டுநர் கோவிந்தா என்று சாமி பெயரைச் சொன்னார். மணலூர்பேட்டையில் இறங்கி வெட்டுக் கூட்டத்தில் சேரும்போது, மேஸ்திரி பெயர் என்ன என்று கேட்ட நேரத்தில் காதில் அந்த ஒரு சொல்தான் மிச்சம் இருந்திருக்கிறது. மலையிலேயே இருந்த அத்தைக்குத் தெரிந்தது பழைய பெயர்தான், என் பிறப்பைப் பதியும்போது அதையே சொல்லிவிட்டாள்.

வழக்கு என்று ஒன்று இருந்ததா, அந்த நோட்டு என்ன ஆயிற்று, யாருக்கும் தெரியாது. பெரியப்பா மகன் சில மாதத்தில் வெளியே வந்துவிட்டான், பிறகு பாம்பு கடித்துச் செத்தான். நாற்பது வருஷமாக அப்பாவைத் தேடி ஒருவரும் வரவில்லை. எழுதிப் போட்டு விசாரித்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். "தூங்கற புலிய எதுக்கு எடர்ற?" என்றார்.

அப்பாவின் இரண்டு பெயர்களையும் இங்கே மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். எழுதலாமா என்று கேட்டபோது, படிக்கிறவர்கள் எல்லாம் யார் என்றுதான் கேட்டார்.

அவர் இரண்டு பெயரையும் ஒரே காகிதத்தில் சேர்த்துக் கொடுத்தால் நாங்கள் மூன்று பேரும் இங்கே இருக்கலாம். ஆனால் அப்படி ஒரு காகிதம் பிறந்தால், மலையில் ஓடினவனும் மணலூர்பேட்டையில் தண்ணீர் கட்டுகிறவனும் ஒரே ஆள் என்பதற்கு முத்திரை விழுந்துவிடும். நான் கேட்கவில்லை. சத்தியமாகக் கேட்கவில்லை. போனை வைக்கப் போகும்போது அவர்தான், எத்தனை நாள் மிச்சம் இருக்கிறது என்று கேட்டார். பதினொன்று என்றேன்.

7

கள்ளக்குறிச்சியில் நோட்டரி வக்கீலிடம் அவர் தனியாகப் போனார். சொந்தக்காரர் யாரையும் கூட்டிக்கொண்டு போகமாட்டேன் என்றார். "நீ பாக்கெட்டுல இரு, வெச்சிடாத" என்றார். இங்கே நான் வீட்டுக்கு வெளியே காரைச் சூடேற்றிக்கொண்டு, விடிகாலை ஐந்தரை இருட்டில் வேலைக்குக் கிளம்பி உட்கார்ந்திருந்தேன். அங்கே சாயங்காலம். அவருடைய சட்டைத்துணி போனில் உரசுகிற சத்தம், பஸ் ஹாரன், படியேறுகிற மூச்சு, டைப் அடிக்கிற பெண்ணின் விசைகள் என்று எல்லாம் வரிசையாகக் கேட்டன. என்னிடம் இருக்கிற எந்தத் தட்டையும் நான் அவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை.

அடித்து முடித்ததும் அந்தப் பெண் சத்தமாகப் படித்தாள். கோவிந்தன் என்கிற வெள்ளையன் ஆகிய நான்.

"கொஞ்சம் மெதுவா படிம்மா," என்றார் அப்பா. பிறகு, "அந்த 'என்கிற' வேணாமே."

"ஏன் தாத்தா?"

"டீக்கடையில பேப்பர் படிக்கச்சொல்ல கேட்டுக்கிறேன். என்கிறன்னு வந்தா அவன் எதாச்சும் திருடனாத்தான் இருப்பான்."

அந்தப் பெண் சிரித்தாள். ஆனால் கேலியாக இல்லை. இதில் பெயர் சேர்க்கிற எல்லாருக்கும் அப்படித்தான் போடுவோம், எங்க அப்பாவுக்கே நான் என் கையால அடிச்சுக் குடுத்திருக்கேன் என்றாள். உங்கப்பா இன்னா வேலை செய்யறாரு என்று அப்பா கேட்டார். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறார் என்றாள். அது அவருக்குத் தைரியமாக இருந்திருக்க வேண்டும்.

மைப்பெட்டியைத் திறக்கிற சத்தம் கேட்டது. "ரெண்டு பேருக்கும் ஒரே கட்டவெரலு போதுமாம்மா?" என்றார்.

"போதும் தாத்தா."

காரில் நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தேன். கண்ணாடியில் என் மூச்சு படிந்து எதிரே ஒன்றும் தெரியவில்லை.

காகிதம் வந்ததும் விளக்கக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். பெயர் மாற்றத்துக்குக் காரணம் என்று ஒரு கட்டம். இத்தனை எழுத்துக்கு மேல் ஏற்காது. மலையிலிருந்து இறங்கி வேலைக்கு வந்தபோது புதுப்பெயர் வைத்துக்கொண்டார் என்று எழுதினேன். முன்பு எழுத்தர் பிழை என்று எழுதியது என் தவறு, தெரியாமல் எழுதினேன் என்றும் சேர்த்தேன். ஓடையையும் மூங்கில் புதரையும் எழுதவில்லை. எழுதினது பொய் இல்லை, முழுசும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று அந்த அதிகாரிதான் சொல்ல வேண்டும். செல்வி நான்கு தரம் படித்துவிட்டு, அனுப்புங்க என்றாள். அனுப்பும் பொத்தானை அவளையே அழுத்தச் சொன்னேன்.

8

இன்றைக்கு ஐந்து வாரம் ஆகிறது. என் கணக்கைத் திறந்தால் 'பரிசீலனையில்' என்று இருக்கிறது. காலையில் பார்க்கிறேன், மதியம் சாப்பிடும்போது பார்க்கிறேன். கடைக்காரம்மா எனக்காக எடுத்துவைத்த ஒரு பெட்டி இசைத்தட்டு அப்படியே கிடக்கிறது. பெயர் போடாத விருந்தினர் அதற்குள் யாராவது இருக்கலாம். இருக்கட்டும், தேடப் போவதில்லை.

அப்பா அந்தக் காகிதத்தின் நகலை வீட்டில் வைக்கவில்லை. எங்கே வைத்தார் என்று எனக்கும் சொல்லவில்லை. அம்மாவிடமும் இன்னும் சொல்லவில்லை. முப்பத்தைந்து வருஷம் குடும்பம் நடத்தியும் அம்மாவுக்கு அந்தப் பெயர் தெரியாது. எங்கள் பக்கத்தில் பெண்டாட்டி புருஷன் பெயரைச் சொல்லமாட்டாள், அதனால் எந்தப் பெயராக இருந்தாலும் அவளுக்கு ஒன்றுதான். அத்தையோ பேசும்போது அவரைத் தம்பி என்றே கூப்பிடுவாள். இத்தனை வருஷம் அது அவருக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும் என்று இப்போதுதான் தோன்றுகிறது.

நேற்றுச் சாயங்காலம் கூப்பிட்டேன். அங்கே விடிந்து அம்மா உள்ளே அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். அப்பா வாசலில் நின்று பேசினார். முதலில், வந்துச்சா என்றார். இல்லை என்றேன். நிலாவைப் பேசச் சொன்னார். அவள் வந்து, "ஹாய் தாத்தா" என்றாள். அவர் கேட்ட எதற்கும் எஸ், நோ தவிர ஒன்றும் சொல்லாமல் ஓடிவிட்டாள். அவர் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் கேட்க நினைத்தது வேறு.

"எவனாச்சும் வந்து நின்னு, உம் பேரு இன்னான்னு கேட்டா, எத சொல்றது?"

எங்கள் வீட்டுக்கு வந்த ஒவ்வொரு படிவத்திலும் எந்தக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்று அவருக்குச் சொன்னவன் நான். யாரும் வரமாட்டார்கள் என்று சொல்லியிருக்கலாம். அது எனக்கே நிச்சயமில்லை.

"ரெண்டும் சொல்லுப்பா. காகிதத்துல ரெண்டும்தான் கீது," என்றேன்.

"ரெண்டுமா?"

"ரெண்டும்."

வாய்ல வருதா பாக்கறேன் என்றார். கோவிந்தன் என்பதைச் சட்டென்று சொல்லிவிட்டார். அடுத்ததற்குத் தொண்டையைச் செருமிக்கொண்டார். ஒருதரம் முணுமுணுத்தார். இன்னொருதரம் சொன்னபோது, சொல்லிப் பழகாதவர்களுக்கு அளவு தெரியாதே, அந்த மாதிரி தெருவே கேட்கும்படி வந்துவிட்டது.

"வெள்ளையன்."

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "யாருய்யா வந்துகிறது?"

அப்பா போனை முகத்திலிருந்து விலக்கிக்கொண்டார். ஆனாலும் எனக்குக் கேட்டது.

"யாரும் வர்ல. நான்தான்."